உதடும் குரலும் சேரும்படி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். 'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்பதிலேயே இரண்டு தாள் போய்விட்டது. அதனால் வெறும் தம்பி.

பார்சலில் நான்கு டிவிடி இருக்கிறது. உறையில்லாததைப் பழைய துணியில் சுற்றியிருக்கிறேன். கவனமாகப் பிரி.

உன் அத்தானுக்கு ஆகஸ்டில் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். கால் தேறிவிட்டது. கைத்தடியோடு ஹாலிலிருந்து பால்கனி வரை நடக்கிறார். வலது கை பாதி வருகிறது. பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்தால் 'தா, தா' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பட்டறையில் நான்கு லேத் ஓடும்போதும் அதற்கு மேலே குரல் கேட்கும்படி பேசிய மனிதர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் ஒரு அம்மா வருகிறார். அவர் சொன்னது இது. "அவரோட பழைய வீடியோ ஏதாவது இருந்தா சின்னச் சின்னத் துண்டா வெட்டிக் கொடுங்க. அடுத்தவங்க வாயைப் பாத்துச் சொல்றதைவிட, தன் வாயே பேசுறதைப் பாத்தா சிலருக்கு வார்த்தை சீக்கிரம் வருது. ஆனா உதடும் குரலும் ஒண்ணா இருக்கணும். கொஞ்சம் விலகினாலும் குழம்பிடுவாங்க."

பாப்பா காலேஜ் லீவுக்கு வந்தபோது இலவசமாகக் கிடைக்கிற ஏதோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டு மாற்றிக் கொடுத்தாள். அதில் அவர் வாயை மூடிய பிறகு குரல் வருகிறது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேலி செய்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

உனக்கு இதுதான் தொழில் என்பதால் கேட்கிறேன். முடியாது என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன். போனில் மட்டும் கூப்பிடாதே. நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம்.

அக்கா

*

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. உடையவில்லை.

உனக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது அக்டோபரில். சித்தி போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் "உன் அத்தான் இப்ப நடக்கறாராமே" என்றார். என்ன ஆச்சு என்று கேட்டால், சொந்த அக்கா வீட்டு விஷயம் இவனுக்கே தெரியாது என்று ஆகிவிடும். "ஆமாம், நடக்கறார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு ஸ்டுடியோ மாடிப்படியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு வரி எழுதிப்போட உனக்கு நேரம் கிடைக்கவில்லை. டிவிடி அனுப்பக் கிடைத்திருக்கிறது. சரி, விடு.

வேலையைச் சொல்கிறேன். பாப்பா செய்ததில் தப்பில்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டிவிடியில் படம் ஒரே ஃபைலாக இருக்காது. ஒரு ஜிபி ஒரு ஜிபியாக நறுக்கி வைத்திருப்பார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபைல் முடிந்து அடுத்தது தொடங்கும். அவள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிப் பிறகு ஒட்டியிருக்கிறாள். ஒட்டின இடத்திலெல்லாம் குரல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. முதலில் ஒன்றாகச் சேர்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. டிவிடியில் ஒவ்வொரு படமும் முழுசாக இருக்காது. அரை செகண்டுக்கு ஒரு முழுப் படம், நடுவில் இருப்பதெல்லாம் என்ன மாறியது என்கிற குறிப்பு மட்டும்தான். பார்க்க அது போதும். வெட்டப் போதாது. 'தண்ணி' என்ற சொல்லை நடுவில் வெட்டினால் 'த' ஒரு பக்கமும் பாதி உதடு இன்னொரு பக்கமும் நிற்கும். அதனால் ஒவ்வொரு படமும் முழுசாக இருக்கிற ஃபைலாக மாற்றுகிறேன். அளவு பல மடங்கு ஆகும், பரவாயில்லை. பழைய வீடியோவில் ஒரு படத்தையே ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டாக்கிப் பின்னி வைத்திருப்பார்கள். அதையும் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் வாய் அசையும்போதெல்லாம் உதட்டு ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரியும்.

நான்கையும் முடித்துவிட்டேன். ஆனால் பலன் குறைவு. டிவிடி போட்டுக் கொடுத்த கடைக்காரர் முக்கால்வாசி இடத்தில் குரலை எடுத்துவிட்டுப் பாட்டு போட்டிருக்கிறார். அத்தான் வாய் அசைகிறது, பின்னால் புல்லாங்குழல். தேறியது ஒன்பது வாக்கியம். ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பாப்பாவின் ஐந்தாவது பிறந்தநாள் டிவிடி எங்கே? அதை எடுத்தவன் நான். அதில் பாட்டு இருக்காது, டேப்பை அப்படியே இறக்கியிருப்பார்கள். அத்தான் அன்றைக்கு முழுக்கப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு மனப்பாடம். பதினான்கு வருடமாக மனப்பாடம். அதற்காக நீ ஒளித்து வைக்க வேண்டாம். வேலை என்றால் வேலை. அனுப்பு.

தம்பி

*

பிப்ரவரி 22

தம்பிக்கு,

நீ அனுப்பியதை டிவியில் சொருகினால் 'இந்த ஃபைலைத் திறக்க முடியாது' என்று வருகிறது. அவர் கைத்தடியைப் பிடித்தபடி டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். என்ன செய்வது?

அக்கா

*

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

தப்பு என்னுடையது. வெட்டுவதற்கான ஃபைலையே அனுப்பிவிட்டேன். அது என் கம்ப்யூட்டருக்குத்தான் புரியும். இதோடு இருக்கிற இரண்டாவது பென் டிரைவில் டிவியில் ஓடுகிற மாதிரி மாற்றியிருக்கிறேன். ஒன்பதும் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றும் மூன்று தடவை, நடுவில் அவர் சொல்லிப் பார்க்க ஐந்து செகண்டு வெறும் திரை.

ஐந்தாவது டிவிடி பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

தம்பி

*

மார்ச் 5

தம்பிக்கு,

ஓடுகிறது. உதடும் குரலும் சேர்ந்திருக்கிறது. முதல் நாள் ரிமோட்டை எறிந்தார். இரண்டாம் நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பயிற்சி அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க சொல்ல வேண்டாம் சார், சும்மா பாருங்க" என்றார். அவர் உதடு தானாக அசைந்தது. சத்தம் இல்லை. அந்த அம்மா என்னைச் சமையலறைக்கு அழைத்து, "இது போதாது, இன்னும் நிறைய வேணும். முகம் கிட்டத்துல தெரியற மாதிரி இருந்தா நல்லது" என்றார்.

ஆகையால் ஐந்தாவதை அனுப்புகிறேன். இது இரண்டு வாரமாக என் கைப்பையில் இருக்கிறது. கடைக்கு எடுத்துப் போகிறேன், திருப்பிக் கொண்டுவருகிறேன். நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவள் நான். கீறல் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சாய்த்துப் பிடிக்கிற மாதிரி இதையும் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. எப்படி இருக்கும், யாரும் போட்டுப் பார்க்காதது. ஒரே ஒரு தடவை நான் போட்டேன். ஒரு இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பார்க்காமல் மாற்றித் தர முடியுமா? நீ மாற்றி மட்டும் கொடு. வெட்டுவதற்கு இங்கே வேறு யாரையாவது பிடித்துக்கொள்கிறேன்.

அவர் பேசியது உனக்கு மனப்பாடம் என்கிறாய். அவர் பேசியதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பது மனப்பாடமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

அக்கா

*

மார்ச் 14

அக்காவுக்கு,

பார்க்காமல் மாற்றத்தான் நினைத்தேன். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. மாற்றும்போது யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பட்டனைத் தட்டிவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவோம். அப்படித்தான் செய்தேன். ஆனால் குரல் நழுவியிருக்கிறதா என்று தொடக்கத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம் கேட்டுப் பார்ப்பது வழக்கம். அதைச் செய்யாமல் நான் எதையும் வெளியே அனுப்பியதில்லை. நடுவில் ஓரிடத்தில் கையை வைத்தேன்.

நீ வந்து நின்று தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தாலும் அவ்வளவு சரியான இடத்தில் வைத்திருக்க மாட்டேன்.

கேக் வெட்டி முடிந்திருக்கிறது. பலூன் பாதி கீழே கிடக்கிறது. பட்டறை ஆட்கள் சோபாவில். ஒருவர், "மச்சான் என்ன வேலை பாக்கறாப்ல?" என்று கேட்கிறார். அத்தான் சொல்கிறார். "வேலைக்குச் சேத்துவிட்டேன். மூணாம் நாள் சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். முதலாளி முன்னாடி நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். கேமராவைத் தூக்கிட்டு அலைஞ்சே பிழைச்சுடுவானாம். நாளைக்கு சோத்துக்கு என் வாசல்லதான் நிப்பான்."

ஒரு எழுத்து மாறவில்லை, அக்கா. பதினான்கு வருடமாக நான் வைத்திருந்தது அப்படியே இருந்தது. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பார்த்தாயா, நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை என்று.

பிறகு ஒரு குரல். முதலில் யார் என்று புரியவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்ததால் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது. நீல டீ-ஷர்ட்டில் ஒருவன் கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு முன்னால் போய் அத்தான் முகத்துக்கு நேராக விரலை நீட்டுகிறான்.

"இந்த வாய் இருக்கற வரைக்கும்தானே இந்த ஆட்டம். ஒரு நாள் இந்த வாய் அடைஞ்சு போகும். ஒரு வார்த்தை வராது. தண்ணி கேக்கக்கூட வராம கிடப்பீங்க. அன்னிக்கு நான் பாப்பேன்."

நான் இதைச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. மறைக்கவில்லை, நடிக்கவில்லை. சத்தம் போட்டேன், வெளியே போனேன், இவ்வளவுதான் என் தலையில் இருந்தது. அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். மேலே பார்க்கவில்லை.

நீ ஆகஸ்டில் ஏன் எழுதவில்லை என்பது இப்போது புரிகிறது. நீ எனக்குச் சொல்லவில்லை என்று பிப்ரவரியில் பெரிதாகக் கோபித்துக்கொண்டேன். அந்த வரியை அடித்துவிடு.

அதற்கு முந்தின பகுதியிலிருந்து முப்பத்தோரு வாக்கியம் வெட்டியிருக்கிறேன். 'உக்காருங்க', 'இந்தப் பக்கம் வா', 'போதும் போதும்', 'பாப்பா எங்கே' எல்லாம் இருக்கிறது. வேறு யாரையும் தேட வேண்டாம். முகம் தூரத்தில்தான் தெரிகிறது. கிட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் வர மாட்டேன். எந்த முகத்தோடு வருவது என்று கேட்கவில்லை. வர மாட்டேன் என்று சொல்கிறேன்.

தம்பி

*

மார்ச் 23

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

நீ எழுதிவிட்டதால் நானும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் இவரைப் பார்த்து, "உங்க பேரைச் சொல்லுங்க" என்றார். இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். கட்டிலின் மறுபக்கம் நான் நிற்கிறேன். எனக்குக் கேட்டது டாக்டர் குரல் இல்லை, உன் குரல். தண்ணி கேக்கக்கூட வராம கிடப்பீங்க. அப்படியே கேட்டது.

ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்கேனில் காட்டினார்கள். எனக்குப் புரியாமல் இல்லை. இருபது வருடம் பிரஷர் மாத்திரையைப் பாதி நாள் விழுங்காமல் ஏமாற்றியவர். யாரோ சொன்னதால் யாருக்கும் வாய் அடைந்துபோவதில்லை. இதையெல்லாம் எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் டம்ளரைக் காட்டி இவர் கையை ஆட்டும்போதெல்லாம் உன்னை வெறுத்தேன். ஐந்து மாதம் வெறுத்தேன். தம்பி என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன். பிறகு பாப்பா மாற்றிய வீடியோவைப் பார்த்து இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ மறந்துவிட்டாய் என்கிறாய். நம்புகிறேன். சொன்னவனுக்கு மறந்துபோகிறது. கூட நின்றவளுக்குப் போகவில்லை. அன்றைக்கு உன் பின்னாலேயே மாடிப்படி இறங்கித் தெருமுனை வரை வந்தேன், தெரியுமா. செருப்புகூடப் போடவில்லை. நீ திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

அவருக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதே. நீ கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் போகிறாய். காது நன்றாக இருக்கிறது. மனதும் நன்றாக இருக்கிறது. நானாக அவரிடம் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

முப்பத்தோரு வாக்கியமும் ஓடுகிறது. 'போதும்' கிட்டத்தட்ட வருகிறது. 'போ' என்று நின்றுவிடுகிறது. பயிற்சிக்கு வருகிற அம்மாவைப் பார்த்து 'போ' என்றார். அவர் கோபித்துக்கொள்ளாமல் கைதட்டினார்.

வர மாட்டேன் என்று சொல்கிறாய். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. பத்து மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவேன். பகலில் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு அன்று லீவு. அவரைத் தனியாக விட முடியாது. ஒன்பதே முக்காலுக்கு நீ வந்துவிட்டால் நான் கடைக்குப் போவேன். வராவிட்டால் கடையில் லீவு சொல்வேன். நான் அங்கே இருக்கப் போவதில்லை. இருக்கவும் விரும்பவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ மூன்று மணிக்கு வந்ததும், "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்" என்று மட்டும் கேட்டாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும்.

நீ கதவைச் சாத்திவிட்டுப் போனதும் பத்து நிமிடம் நான் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு லேஸுக்குப் பத்து நிமிடம். அத்தான் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு இளைத்திருப்பார் என்று நினைக்கவில்லை. நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "அத்தான், அன்னிக்கு நான் பேசினது" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. அவர் இடது கையைத் தூக்கி என் லேப்டாப் பையைக் காட்டினார்.

எதற்குக் கொண்டுபோனேன் என்றால், 'பாப்பா எங்கே' என்ற துண்டில் முடிவில் ஒரு சத்தம் இருந்தது, அதைச் சரி செய்து கொடுக்கலாம் என்று. திறந்தேன். வெட்டுவதற்காகத் திரையில் விரித்திருந்த டைம்லைனில் ஐந்தாவது டிவிடி முழுசாக இருந்தது. பலூனைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. விரலால் 'மேலே போ' என்று காட்டினார். கொஞ்சம் தள்ளினேன். இன்னும் என்று கையை ஆட்டினார். அவர் கூசாமல் அந்த இடத்துக்கே என்னைக் கொண்டுபோனார்.

இருவரும் சேர்ந்து பார்த்தோம். அவர் பேசினார், பிறகு நான் பேசினேன். 'தண்ணி கேக்கக்கூட' என்று வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். குனிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அழுதேன் என்று மட்டும் வைத்துக்கொள். அவர் என் தலையில் தட்டினார். ஆறுதலுக்கு இல்லை, நகரச் சொல்லி. திரை அவருக்கு மறைத்தது. நான் நகர்ந்ததும் இடது கையை நீட்டி அவரே பட்டனைத் தட்டினார்.

அக்கா, அந்த இடத்துக்குப் பிறகு இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது. நீ ஒரு தடவை போட்டாய், அந்த இடத்தில் நிறுத்தினாய். நானும் அதே இடத்தில் நிறுத்தினேன். அன்றைக்கு நான் பஸ் ஏறிவிட்டேன், நீ தெருமுனையில் செருப்பில்லாமல் நின்றாய். அந்த நாலு நிமிடத்தில் நடந்தது நம் இருவருக்கும் தெரியாது. கேமராவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

கதவு திறந்தே கிடக்கிறது. சோபாவிலிருந்தவர், "சின்னப் பையன், விடுப்பா" என்கிறார். அத்தான், "நான்தான் வாயை விட்டுட்டேன்" என்கிறார். எழுந்து உள்ளே போகிறார். ஒரு தட்டு நிறையச் சாப்பாடு எடுத்துவந்து, இன்னொரு தட்டால் மூடி, மேஜை ஓரத்தில் வைக்கிறார். "யாரும் இதை எடுக்காதீங்க. அவனுக்கு." பிறகு கேமராவில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்க்கிறார். கிட்டே வருகிறார். எதை அமுக்குவது என்று தெரியாமல் தடவுகிறார். திரை முழுக்க அவர் முகம். அந்த நண்பர் பின்னாலிருந்து கேட்கிறார், "இவ்வளவு பேசினவன் வருவானா?" அத்தான் திரும்பாமல், கேமராவைத் தடவிக்கொண்டே சொல்கிறார்.

"வருவான்."

அதோடு டேப் முடிகிறது.

பயிற்சி அம்மா கேட்டாரே, முகம் கிட்டத்தில் தெரியவேண்டும் என்று. நான் எங்கெங்கோ தேடினேன். இதைவிடக் கிட்டத்தில் கிடைக்காது. ஒவ்வொரு பல்லும் தெரிகிறது. உதடும் குரலும் ஒரு நூல் விலகவில்லை.

அவர் விரலைச் சுழற்றினார், மறுபடி போடு என்று. போட்டேன். மறுபடி. ஐந்தாவது தடவையா ஆறாவது தடவையா, நான் எண்ணவில்லை, அவர் உதடு திரையோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தது. சத்தம் வரவில்லை. நான் அந்தப் பயிற்சி அம்மா மாதிரி, "நீங்க சொல்ல வேண்டாம் அத்தான், சும்மா பாருங்க" என்றேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"வந்..." என்றார். தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்து, "வருவான், அத்தான்" என்று திருத்தினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் தோளில் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டு மறுபடி சொன்னார்.

"வந்... தான்."

தம்பி